கோடி எடுத்துப் போன ஊர்கள்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு மரபணுவைப் பற்றி நான் பாடம் நடத்தப் போவதில்லை. அதை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். நான் படித்தது நர்ஸ் படிப்பு. கள்ளக்குறிச்சியில் புற்றுநோய் வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவளை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் ஒரு மேசையைக் காட்டி, நோயாளிகளின் பரம்பரை விவரம் கேட்பதும் ரத்தப் பரிசோதனை முடிவை விளக்குவதும் இனி உன் வேலை என்றார்கள். ஓய்வு பெறும் வரை அந்த மேசைதான். கேட்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. இருக்கட்டும், ஒன்றிரண்டு மழைக்காலம் போனால் தெரியும்.

"உங்கள் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்திருக்கிறதா?" உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும் முதல் கேள்வி இது. நம் பக்கத்தில் இதைப்போல் உதவாக்கரைக் கேள்வி வேறில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நைனார்பாளையத்திலிருந்து மகேஸ்வரி என்று ஒரு பெண் வந்தாள். முப்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மார்பில் கட்டி, அக்குள் வரைக்கும் நெறிகட்டியிருந்தது. அந்த வயதில் வருகிறதென்றால் பரம்பரையைத் துருவிப் பார்க்கவேண்டும். அவளுடைய அப்பா கோவிந்தன் கூட வந்திருந்தார். கரும்பும் குச்சிக்கிழங்கும் போடுகிற சம்சாரி. யாரும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிற ரகம்.

"எங்க வூட்ல யாருக்கும் கெடையாதுங்க சிஸ்டர். பங்காளிங்க அத்தினி பேரும் கல்லு மாதிரி இருக்கறாங்க. என் பொண்டாட்டி வூட்டு வழியில வேணா கேட்டுப் பாருங்க. அவங்க ஒடம்பு எப்பவுமே ஒரு மாதிரி" என்றார்.

மகேஸ்வரியின் அம்மா அங்கேதான் நின்றிருந்தார். அதைக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள், சில வீடுகளில் பெண்டாட்டி சொல் திண்ணை வரைக்கும்கூட வராது. நான் அம்மா வழியிலும் கேட்டேன். ஒன்றும் இல்லை. எங்கள் டாக்டருக்கு மனசு ஒப்பவில்லை. வயதைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது, ரத்தத்தை அனுப்பிவிடலாம் என்றார். சென்னைக்குப் போன ரத்தம் பதிலோடு வந்தது. நம் உடம்பில் டி.என்.ஏ. சேதத்தைப் பழுது பார்க்கும் மரபணுக்களில் ஒன்று அவளுக்குப் பிறவியிலேயே கெட்டிருந்தது.

இப்படிப்பட்ட கோளாறு வானத்திலிருந்து குதிப்பது மிக அபூர்வம். அப்பா வழியிலோ அம்மா வழியிலோதான் வந்திருக்கவேண்டும். கோவிந்தனை மறுபடியும் உட்காரவைத்தேன். அவர் மறுபடியும் பங்காளிகளைப் பற்றியே ஆரம்பித்தார். பேச்சில் அண்ணன் தம்பி வந்தார்கள், பெரியப்பா மகன் வந்தான், ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லை. கட்டிக் கொடுத்த பெண் நம் குடும்பக் கணக்கில் இல்லை என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் தியாகதுருகம் பக்கத்துக்காரி. எங்கள் அத்தை செத்தபோது அப்பா ஜவுளிக்கடைக்குப் போய்ச் சேலை எடுத்தது நினைவுக்கு வந்தது. ஒரு பெண் எந்த ஊரில் செத்தாலும் பிறந்த வீட்டுக் கோடி போகாமல் பிணத்தை எடுக்கமாட்டார்கள். அண்ணனோ தம்பியோ புதுச்சேலையோடு போய் அவள்மேல் போர்த்தவேண்டும். அந்தப் பயணத்தை எந்த அண்ணன் தம்பியும் மறப்பதில்லை. ஆகவே கேள்வியை மாற்றினேன்.

"பொறந்த வூட்டுக் கோடி எடுத்துக்கினு எந்தெந்த ஊருக்குப் போயிருக்கீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆஸ்பத்திரியில் கேட்கிற கேள்வியா இது என்கிற பார்வை. பிறகு சொன்னார்.

"திருநாவலூருக்குப் போனேன். பெரியக்கா. சின்னசேலத்துக்கு நடுவுல அக்கா. அப்பறம் தலைவாசலுக்கு."

"பெரியக்காவுக்கு இன்னா ஆச்சு?"

"மாருல ஒரு கட்டி. கவனிக்காம வுட்டு புண்ணாயிடுச்சு. நடு அக்காவுக்கு வயிறு ஊதிப் போச்சு, மகோதரம்னு சொன்னாங்க. தலைவாசல் அக்காவுக்கும்..." பக்கத்தில் தலையில் துண்டு கட்டி உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். "அதெல்லாம் வேற வூடுங்க சிஸ்டர். கட்டிக் குடுத்துட்டமே" என்றார். சொல்லும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது, அது நிற்காது என்று. எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு மனிதன் தன் தலையில் இருப்பதைத் தானே எடுத்து வெளியில் வைத்துவிட்டுத் திடுக்கிட்டுப் போவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது நல்ல அனுபவம் இல்லை.

அவருடைய ரத்தத்தையும் பார்த்தோம். அவருக்கும் அதே கோளாறு. "ஆம்பளைக்கு எப்படிங்க பொம்பள சீக்கு?" என்றார். கல்வராயன் மலைப் பாதையை வைத்துத்தான் சொன்னேன். மழை பெய்தால் மலைப்பாதையில் கல்லும் மண்ணும் சரிந்துகொண்டேதான் இருக்கும். அள்ளிப்போட இரண்டு கோஷ்டி ஆட்கள் உண்டு. ஒரு கோஷ்டி அப்பா கொடுத்தது, ஒரு கோஷ்டி அம்மா கொடுத்தது. உங்கள் குடும்பத்தில் சிலருக்குப் பிறக்கும்போதே ஒரு கோஷ்டி வேலைக்கு வருவதில்லை. மற்றது ஒழுங்காக வருகிறவரை பஸ் ஓடும். உடம்பில் ஏதோ ஓர் இடத்தில் அந்த இரண்டாவது கோஷ்டியும் படுத்துவிட்டால் சரிவு அங்கே தொடங்குகிறது. பெண்களுக்கு மார்பிலும் சினைப்பையிலும் அந்த ஆபத்து மிக ஜாஸ்தி. ஆண்களுக்குக் கம்மி, ஆனால் இல்லாமல் இல்லை. நோய் கட்டாயம் வரும் என்றும் இல்லை. ஆனால் பெற்ற பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது.

"அப்ப எம் பொண்ணுக்கு நாந்தான் குடுத்தனா" என்றார். நீங்கள் கொடுக்கவில்லை என்று சொல்லமுடியாது, கொடுத்தீர்கள் என்றும் சொல்லமுடியாது. தெரிந்து செய்யவில்லை என்று மட்டும் சொன்னேன். அது யாரையும் தேற்றியதாக நான் பார்த்ததில்லை.

மகேஸ்வரிதான் அப்போது மெதுவாகச் சொன்னாள். "மலையில இன்னொரு அத்தை இருக்குது சிஸ்டர்."

கோவிந்தன் எழுந்தே நின்றுவிட்டார். "அவ பேச்ச எடுக்காத. அவளத் தல முழுவியாச்சு."

கடைசித் தங்கை அஞ்சலை. மகேஸ்வரி சிறுமியாக இருந்தபோது, வெள்ளிமலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வந்த ஒருவரோடு போய்விட்டார். செத்தவளுக்குச் செய்வதுபோல வீடே தலைமுழுகியது. அதற்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னால் அடி விழும். மகேஸ்வரி வாங்கியிருக்கிறாள்.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்து யோசியுங்கள். மூன்று அக்காமார் போய்விட்டார்கள். நாலாவதாக ஒருத்தி மலைமேல் உயிரோடு இருக்கிறாள். அவளுக்கும் அது இருக்கப் பாதி வாய்ப்பு. இருந்தால் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம், சினைப்பையை எடுத்துவிடலாம், பிழைக்க வழி உண்டு. இல்லாவிட்டால் நிம்மதி. ஆனால் அவளுக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது மகேஸ்வரியின் ரத்தத்தில் கிடைத்த செய்தி. நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போய்ச் சொன்னால் என் வேலைக்கு வேட்டு, அது பெரிதில்லை. அடுத்த நோயாளி எந்த நம்பிக்கையில் என்னிடம் வாய் திறப்பாள்?

கோவிந்தன் டீ குடிக்கப் போனபிறகு மகேஸ்வரியிடம் சொன்னேன். "இது ஒன் ரத்தத்துல கண்டுபிடிச்சதும்மா. யாருக்குச் சொல்லணும், சொல்ல வேணாம்னு நீதான் முடிவு பண்ணணும். ஒங்க அப்பா இல்ல."

"நான் போறேன்" என்றாள் உடனே. "நீங்க கூட வர்றீங்களா?"

போனேன். லீவு போட்டுக்கொண்டு, பேசமாட்டேன் என்ற நிபந்தனையோடு போனேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறும்போது அவள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "பாதி வந்தாச்சே சிஸ்டர்" என்றாள். அவளுக்கு எதிலும் பாதிதான் கிடைத்தது.

அஞ்சலை வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். தலையில் துண்டு கட்டிய ஒருத்தியும் கைப்பையோடு ஒருத்தியும் வந்து நிற்பதைப் பார்த்து முறத்தைக் கீழே வைத்தார்.

"அத்தை, நான் மகேசு. கோவிந்தன் மவ."

அஞ்சலை எழுந்திருக்கவில்லை. "யாரு செத்தது?" என்று கேட்டார்.

மகேஸ்வரி சொல்லத் தொடங்கினாள். பெரியக்கா போய்ப் பல வருடம். நடு அக்காவும் போய்விட்டார். தலைவாசல் அக்காவும். ஒரு சாவுச் சேதிகூட அந்த வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அஞ்சலை மார்பில் அடித்துக்கொண்டார். கிளம்பும்போது, பரம்பரை நோயைப் பற்றி எச்சரிக்கப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே போனதும் மூன்று சாவுக்குச் சேதி சொல்ல வந்தவளாகிவிட்டேன். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. நீங்கள் ஒரு குடும்பத்தின் விவரத்தைக் கிளறும்போது அதில் யாருக்குச் செத்தவர்கள் இன்னும் சாகாமல் இருக்கிறார்களோ தெரியாது. நிதானமாகப் போங்கள்.

அழுது முடித்தபிறகு விஷயத்தைக் கேட்டார். பரிசோதனைக்குச் சம்மதிக்க வைப்பது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாக இருந்தது.

"அண்ணனுக்கு இருக்குதா அது?"

மகேஸ்வரி ஆமாம் என்றாள்.

"அக்காங்களுக்கும்?"

"இருந்திருக்கும் அத்தை."

"அப்ப எனக்கும் இருக்குமில்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் முகத்தில் பயமே இல்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம், பூவா தலையா போடுவது மாதிரி என்றேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன். எங்களுக்கு இட்லி வாங்கி வரச் சொல்லி ஆளனுப்பினார். மகேஸ்வரியின் துண்டை அவிழ்த்து மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுவாரம் அவரே கீழே வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

முடிவு வருவதற்குள் மகேஸ்வரிக்கு நுரையீரலுக்குப் பரவிவிட்டது. மாடி வார்டில் சேர்த்திருந்தோம். கோவிந்தன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி நாள் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தங்கைக்குச் சொன்னது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. சாகக் கிடக்கிற மகளைத் திட்ட முடியவில்லை. அப்படி ஒரு நாளில்தான் அஞ்சலை முடிவைக் கேட்க வந்தார். நல்ல சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு இப்படியா வருவார்கள் என்று நினைத்தேன்.

அவருக்கு அந்தக் கோளாறு இல்லை.

இந்த வேலையில் நல்ல செய்தி சொல்லும் வாய்ப்பு லேசில் வராது. எனக்குச் சிரிப்பு தானாக வந்துவிட்டது. "ஒங்களுக்கு இல்லம்மா. மத்த பொம்பளைங்களுக்கு இருக்கற ஆபத்துதான் ஒங்களுக்கும். தப்பிச்சீங்க" என்றேன்.

"நல்லா பாத்தாங்களா?"

"நல்லா பாத்துட்டாங்க."

"அக்காங்க மூணு பேருக்கும் இருந்துச்சு. அண்ணனுக்கு இருக்குது. மகேசுக்கு இருக்குது. எனக்கு மட்டும் இல்லியா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ஆனந்தக் கண்ணீர் என்று ஒரு நிமிடம் நினைத்த முட்டாள் நான்.

"நான் வூட்ட வுட்டுப் போன அன்னிக்கு அண்ணன் தெருவுல நின்னுகினு சொன்னான், நீ எங்க ரத்தமே இல்லடின்னு. கோவத்துல சொல்றான்னு நெனச்சிகினு இருந்தேன் சிஸ்டர், இத்தினி வருசமா."

நான் பதறிப்போய் விளக்கினேன். உங்கள் அப்பா அம்மாவில் ஒருவரிடம் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று இருந்தது, அதில் நல்லதுதான் உங்களுக்கு வந்திருக்கிறது, அதுவும் அவர்கள் கொடுத்ததுதான், கூடப்பிறந்தவள் இல்லை என்று இதற்கு அர்த்தமே கிடையாது என்றேன். மறுபடியும் பூவா தலையா. மறுபடியும் மலைப்பாதை. எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். "புரியுதுங்க" என்றார். நம் ஜனங்கள் புரியுதுங்க என்று சொன்னால் பேச்சை முடிக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. "ஒங்க அண்ணன் மாடியிலதான் இருக்கார். கூப்புடட்டுமா?" என்றேன்.

"இன்னான்னு சொல்லிக் கூப்புடுவீங்க?" என்று கேட்டார்.

உனக்கும் உன் அக்காமாருக்கும் உன் மகளுக்கும் இருப்பது இவளுக்கும் இருக்கிறது என்று சொல்லிக் கூப்பிடுவேன் என்றுதான் அவர் எதிர்பார்த்து வந்திருக்கிறார். அதற்காகத்தான் அந்தச் சேலை, அந்தப் பூ. நோய் இருந்தாலாவது அண்ணன் தன்னை அந்த வீட்டுப் பெண்ணாக ஒத்துக்கொள்வான் என்று மலையிலிருந்து ஒருத்தி இறங்கி வந்திருக்கிறாள். நான் அவளுக்குத் தப்பித்துவிட்டாய் என்று வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோவிந்தனை நான் கூப்பிடவில்லை. அஞ்சலையும் மாடி ஏறவில்லை. மகேசைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இல்லை என்று முடிவு வந்தால் ஓடிப்போய்ச் சிரித்த முகத்தோடு சொல்லாதீர்கள். அது இருக்க வேண்டும் என்று ஒருத்தி ஏன் ஆசைப்படுவாள் என்று உங்களுக்குத் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை. கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் பிடித்த ஒன்று தன்னை மட்டும் விட்டுவிட்டால், அது சிலருக்கு விடுதலை, சிலருக்கு ஒதுக்கி வைப்பது. முதலில் வாயை மூடிக்கொண்டு அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

மகேஸ்வரி அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டாள். சாவுக்கு அஞ்சலை வந்ததாகவும் தெருமுனையோடு நின்றுவிட்டுப் போனதாகவும் கேள்விப்பட்டேன். கோவிந்தனைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும், அந்த மனிதரை நான் வில்லனாக்க விரும்பவில்லை. மகள் காரியம் முடிந்ததும் திருநாவலூருக்கும் சின்னசேலத்துக்கும் தலைவாசலுக்கும் அவரே போனார். அக்காமாரின் பிள்ளைகளிடம் தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தார். கோளாறு இருந்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே நாளில், பரிசோதனைக்கு வரச் சொன்னோம். அவரும் வந்து அவர்களோடு பெஞ்சில் உட்காருவார். மலைக்கு மட்டும் போகவில்லை. என்ன சொல்லிப் பார்த்தும் போகவில்லை.

உங்களில் ஒருவர் போன மாதம் எனக்கு போன் செய்து கேட்டீர்கள். பழைய பதிவேட்டைப் பார்த்தால் வெள்ளிமலையிலிருந்து ஓர் அம்மா அந்தக் குடும்பம் வருகிற நாளில் வருடா வருடம் வந்துவிடுகிறார், கோளாறு இல்லை என்று முடிவு தெளிவாக இருக்கிறது, ஸ்கேனுக்குத் தேவையே இல்லை, எடுத்துச் சொன்னால் சரி சரி என்கிறார், மறுவருடம் மறுபடி வருகிறார், கூட்டம் தாங்கவில்லை, வராதே என்று சொல்லிவிடலாமா என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால்தான் இவ்வளவும் சொன்னேன்.

என் காலத்திலும் வந்தார். அக்கா மகள் ஒருத்தி போன் செய்து நாளைச் சொல்லிவிடுவாள். அந்தப் பெண்கள் சித்தி என்று கூப்பிட்டுப் பக்கத்தில் இடம் விடுவார்கள். கட்டுச்சோறு பிரித்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பெஞ்சின் அந்தக் கோடியில் கோவிந்தன் இருப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனால் எழுந்து போகவும் மாட்டார். பெயர் கூப்பிடுகிற வரைக்கும் அந்த அம்மாள் அவர்களில் ஒருத்தியாக உட்கார்ந்திருப்பார்.

ஸ்கேன் எடுக்க வேண்டாம். டோக்கன் கொடுங்கள்.